டொமைன் நேம்: காதில் கேட்டவர் கையால் அடிக்க முடிகிறதா?

இணையத்தில் கடை திறக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வெப்சைட்டின் அழகைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். எந்த நிறம், எத்தனை படம், எங்கே லோகோ என்று பேச்சு போகும். வெப்சைட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். பெயரை அப்படி மாற்ற முடியாது. அது பாக்கெட்டில் அச்சாகிவிடும், போர்டில் ஏறிவிடும், வாங்கியவர் மனதிலும் பதிந்துவிடும். ஆகவே இந்த மாதம் டொமைன் நேமை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் பார்ப்போம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். கம்ப்யூட்டருக்கு எண் போதும், நமக்குத்தான் அது நினைவில் நிற்பதில்லை. எனவே எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைப் பதிவு செய்துகொள்கிறோம். நீங்கள் பிரவுசரின் அட்ரஸ் பாரில் பெயரை டைப் செய்து என்டர் தட்டியதும், டி.என்.எஸ். என்ற ஏற்பாடு அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடிக் கொடுத்துவிடும். உலகின் முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது. இன்று டாட் காமில் மட்டும் கோடிக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. நல்ல சிறிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன.

ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சாமை, தேன், புளி மூன்றையும் நேரடியாக வெளியூருக்கு விற்க வெப்சைட் வைக்கப் போவதாகச் சொன்னார். வியாபாரிகள் மலைக்கு வந்து மொத்தமாக எடுத்துப் போகும் விலைக்கும், அதே சரக்கு சென்னையில் பாக்கெட்டில் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அவரைத் தூங்கவிடவில்லை. பெயரும் ரெடி. ஊர்ப் பெயரையே வைத்துவிடலாம் என்றார். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னதும் பிரச்சினை தொடங்கியது.

நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘நெல்லி’க்கு எல் ஒன்றா, இரண்டா? ‘வாசல்’ என்பதில் ஏ ஒன்றா, இரண்டா? ‘நாடு’ என்பதில்? மூன்று இடத்திலும் இரண்டு இரண்டு வழி. பெருக்கினால் எட்டு வருகிறது. ஒரே ஊர், எட்டு டொமைன் நேம். அதில் ஒன்றைத்தான் நீங்கள் வாங்குவீர்கள். மற்ற ஏழில் எதை அடித்தாலும் உங்கள் வாடிக்கையாளருக்குப் பக்கம் கிடைக்காது, அல்லது வேறொருவர் கடை திறக்கும்.

மலையின் பெயர் இன்னும் மோசம். ‘வ’ ஒன்றா இரண்டா, வி-யா டபிள்யூ-வா, கடைசியில் ‘து’வுக்கு டி மட்டுமா, ஹெச் சேர வேண்டுமா, அல்லது ‘ஜவாதி’ என்று ஐ-யில் முடிப்பதா? இந்த எழுத்துமுறைகள் பலவற்றையும் புத்தகங்களிலும் வரைபடங்களிலும் பார்க்கிறோம். போதாக்குறைக்கு ‘ஜவ்வாது’ என்று தேடினால் மலைக்கு முன்னால் வாசனைப் பொடி வந்து நிற்கும். மாவட்டத் தலைநகரை வைத்துக்கொள்ளலாமே என்றால், 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து மாவட்டமான திருப்பத்தூர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் ஒன்று.

இது நம் நண்பர் ஒருவரின் தொல்லை மட்டும் அல்ல. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வெளியிட்டது. வேலூருக்கு இரண்டு இ போட்டதால், ஆங்கிலம் படித்தவர்கள் ‘வீலூர்’ என்று படித்துச் சிரித்தார்கள். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழில் குறில், நெடில் என்றும் ல, ள, ழ என்றும் பிரித்துச் சொல்வதை 26 எழுத்துக்குள் அடக்க எல்லோரும் ஒத்துக்கொள்ளும் முறை எதுவும் நடைமுறையில் இல்லை. அரசே திணறிய இடத்தில் வாடிக்கையாளர் சரியாக அடித்துவிடுவார் என்று நம்பக் கூடாது.

புளியும் புலியும்

ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பொருளின் பெயரை வைக்கலாம் என்று அடுத்து யோசித்தோம். ஆங்கில எழுத்தில் புளி எழுதினால் அது புலியும் ஆகும். சாமை என்று எழுதினால் ‘சமை’ என்று படிக்கலாம். (சமையல் பொருள்தானே என்று நண்பர் சமாதானம் சொன்னார்.) தேன் என்பதை ஒரு இ போட்டு எழுதினால் ஆங்கிலத்தில் ‘அப்புறம்’ என்று பொருள் வரும். தமிழர் படித்தாலும் அது தேனா, தென்திசையா என்று தெரியாது. மலை என்று எழுதினால் மாலை ஆகலாம், வடநாட்டுக்காரர் பாலாடை என்று நினைக்கலாம்.

எழுத்தெழுத்தாகப் போனில் சொல்லிவிடலாமே என்பீர்கள். நம் நாக்கில் நான்காவது ஆங்கில எழுத்தும் ‘டி’, இருபதாவது எழுத்தும் ‘டி’. இரண்டாவதும் ‘பி’, பதினாறாவதும் ‘பி’. ஒவ்வொன்றுக்கும் நாய்க்கு வரும் டி, புலிக்கு வரும் டி என்று விளக்கம் சொல்வதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வேறு கடை பார்த்துவிடுவார்.

இப்போது யார் முகவரியை டைப் செய்கிறார்கள், வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தட்டுகிறார்கள் என்று சிலர் சொல்லலாம். லிங்க் கையில் உள்ளவருக்கு அது சரி. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ‘இந்தத் தேன் எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். சிறு வியாபாரம் பெருகுவதே அந்தப் பேச்சில்தான்.

போனில் கேட்கும் பெயர் எப்படி மாறும் என்பதற்குப் பெரிய உதாரணம் உண்டு. ஜெஃப் பெஸோஸ் 1994-ல் தொடங்கிய கம்பெனிக்கு முதலில் வைத்த பெயர் ‘கடாப்ரா’. மந்திரவாதி சொல்லும் ‘அப்ரகடாப்ரா’வின் பின்பாதி. போனில் கேட்ட அவருடைய வக்கீலுக்கு அது பிணத்தைக் குறிக்கும் ‘கடாவர்’ என்ற ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்தது. பெயர் அமேஸான் ஆனது.

ஓர் எழுத்துக்காகச் சுப்ரீம் கோர்ட் வரை

தப்பாக அடித்தால் பக்கம் வராது, அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. சென்னையில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, அதைக் கொண்ட டொமைன் நேம்களை 1999-ல் பதிவு செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம் எஃப் என்ற எழுத்தை இரண்டாக்கி ‘சிஃபிநெட்’ என்று பதிந்துகொண்டது. தங்கள் பங்குதாரர் ஐவரின் பெயர்களின் முதல் எழுத்துகளே அவை என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். பெங்களூரு சிவில் கோர்ட் சத்யம் பக்கம் தடை உத்தரவு தந்தது. கர்நாடக ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. கடைசியில் 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சத்யம் இன்ஃபோவேக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. டொமைன் நேம் வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயரைப் போலவே அதற்கும் பாதுகாப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதில் நமக்கு இரண்டு பாடம். முதலாவது, பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைக்காதீர்கள். பதிவு செய்யும்போது கம்ப்யூட்டர் தடுக்காது, வக்கீல் நோட்டீஸ் பின்னால் வரும். பெயரை முடிவு செய்யும் முன் டிரேட் மார்க் அலுவலகத்தின் வெப்சைட்டில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். இரண்டாவது, சத்யம் உருவாக்கியது புதுச் சொல், அதனால் வாதாட முடிந்தது. வெறும் ஊர்ப் பெயருக்கு அந்த வலு கிடைக்காது. சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்பதை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 9-வது பிரிவு பொதுவாக இடம் தராது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து இன்னொருவர் நாளை தேன் விற்றால், அவருக்கும் அந்தப் பெயர் சொந்தம்தான்.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். நான்கைந்து பெயர்களை எழுதிக்கொண்டோம். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்களுக்குப் போனில் ஒரு முறை மட்டும் சொல்லி, டைப் செய்து அனுப்பச் சொன்னோம். கல்லூரி மாணவி, மளிகைக் கடைக்காரர், ரிட்டயர்டு ஆசிரியர் என்று பல வகை ஆட்கள். தமிழ்ச்சொல் இரண்டு சேர்ந்த பெயர் ஒன்றுகூட எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரி திரும்பி வரவில்லை. சின்னத் தமிழ்ச்சொல் ஒன்றும், எல்லோருக்கும் ஸ்பெல்லிங் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்றும் சேர்ந்த பெயர் மட்டும் பிழையில்லாமல் வந்தது. அதையே எடுத்தோம். தேன் என்ற சொல் அதில் இல்லை. பின்னால் சாமைக்கும் அதே பெயர் பொருந்த வேண்டுமே! பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதன் மற்ற ஸ்பெல்லிங்குகளை இன்னும் வாங்கவில்லை.

சில சிறு குறிப்புகள். இரண்டு சொல் சேரும் இடத்தில் ஒரே எழுத்து இரட்டிக்கக் கூடாது. நடுவில் சிறு கோடு சட்டப்படி சரி, ஆனால் சொல்லும்போது விட்டுப்போகும். எண் வேண்டவே வேண்டாம், இரண்டு என்று சொன்னால் எண்ணா எழுத்தா என்று கேட்பார்கள். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை அனுமதி உண்டு, பன்னிரண்டைத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

டாட் காமா, டாட் இன்னா?

டாட் இன் பெயர்கள் 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. இந்தியாவுக்குள் மட்டும் விற்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அதே பெயரில் டாட் காமில் வேறொரு கடை நடந்தால் அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள். ‘டாட்’ என்று சொன்னதும் ‘காம்’ என்று முடிக்கும் பழக்கம் நம் ஜனங்களுக்கு இன்னும் போகவில்லை. முடிந்தால் இரண்டையும் வாங்கி ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடலாம்.

தமிழிலேயே டொமைன் நேம் வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றுமே தமிழ் எழுத்தில் உண்டு. புளி புளியாகவே இருக்கும், புலி ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் காப்பி செய்து ஒட்டினால் சில இடங்களில் எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கூட்டமாக மாறிவிடும். அந்தப் பெயரில் இ-மெயில் வைத்தால் பல வெப்சைட்டுகளின் படிவங்கள் ஏற்பதில்லை. எனவே தமிழ்ப் பெயரை இரண்டாவதாக வாங்குங்கள்.

யார் பெயரில் பதிவு?

பல சிறு வியாபாரிகள் வெப்சைட் செய்து தரும் பையனிடமே பணத்தைக் கொடுத்துப் பெயரையும் வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். அவர் தன் இ-மெயிலில், தன் பெயரில் பதிந்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவருக்கு அது வசதி. இரண்டு வருஷம் கழித்து அவர் துபாய் போய்விட்டால், கடைப் பெயரும் கூடவே போய்விடும். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் இ-மெயில், உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும். டாட் காம் பதிந்ததும் இ-மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள லிங்க்கை க்ளிக் செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படலாம்.

பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். முதல் வருஷக் கட்டணம் மலிவாக இருந்தாலும், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். தவணை தவறிய டாட் காம் பெயருக்கு, பதிவு செய்த கம்பெனியைப் பொறுத்துச் சில வாரம் சலுகை கிடைக்கும். பிறகு 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதற்கும் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நண்பர் ஐந்து வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிட்டார். நினைவூட்டும் இ-மெயில் மட்டும் மலையில் சிக்னல் கிடைக்காத நாளில் வந்து தொலைக்கக் கூடாது என்று, கீழே படிக்கும் மகளுக்கும் அது போகும்படி செய்து வைத்திருக்கிறார்.