ஆகாயத்துக்கு வந்த விலை

அன்புள்ள கயல்விழிக்கு,

நியூயார்க்கில் எந்தெந்தப் பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். எம்பயர் ஸ்டேட்டை நான் சொல்லாமலே பார்த்துவிடுவாய். அது 1931-இல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்: இதன் தலைக்கு மேலே இருக்கும் காலி இடம் யாருக்குச் சொந்தம்? அந்த ஊரின் கட்டடக் கதை பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது.

முதலில், இப்போது இல்லாத ஒன்றைப் பார்க்கப் போ. ஏழாவது அவென்யூவில் 31, 33-ஆம் தெருக்களுக்கு இடையே பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் நிலையம் இருந்தது. 1910-க்கு முன் அந்தக் கம்பெனியின் ரயிலில் வந்தவர்கள் நியூஜெர்சிக் கரையில் இறங்கிப் படகில்தான் ஹட்சனைக் கடக்க வேண்டும். கம்பெனித் தலைவர் அலெக்சாண்டர் கசாட் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட முடிவெடுத்தார். நிலையத்தை வடிவமைத்த சார்லஸ் மெக்கிம், ரோமாபுரியின் கராகல்லா குளியல் மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டார். காத்திருப்புக் கூடம் மட்டும் சுமார் 150 அடி உயரம். கசாட் 1906-இல் இறந்தார், மெக்கிம் 1909-இல். முழுதாகத் திறந்ததைப் பார்க்க இருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் கல் மாளிகை 53 ஆண்டுதான் நின்றது. காரும் விமானமும் பெருகின, ரயில் கம்பெனி நஷ்டத்தில் விழுந்தது. நிலையத்துக்கு மேலே கட்டிக்கொள்ளும் உரிமைக்கு நல்ல விலை வந்தது. 1962-இல் கட்டடக் கலைஞர்கள் இடிக்கக் கூடாதென்று வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். தடுக்கச் சட்டம் இல்லை. 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது; சிற்பங்கள் பலவும் நியூஜெர்சிச் சதுப்பு நிலத்தில் குப்பையாகக் கொட்டப்பட்டன. இன்று அங்கே இருப்பது மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் விளையாட்டரங்கம். ரயில்கள் அதற்கு அடியில் வந்து போகின்றன. பிளாட்பாரத்துக்கு இறங்கிப் பார், அந்தத் தாழ்ந்த கூரையே மீதியைச் சொல்லும்.

அங்கிருந்து 42-ஆம் தெருவுக்கு நட. கிராண்ட் சென்ட்ரல் நிலையம் பிறந்ததற்குக் காரணம் ஒரு விபத்து. 1902 ஜனவரியில் பார்க் அவென்யூ சுரங்கத்தில் நீராவியும் புகையும் மறைத்ததில் சிக்னல் தெரியாமல் ஒரு ரயில் இன்னொன்றின் மேல் மோதி 15 பேர் இறந்தார்கள். 1908-க்குப் பிறகு அந்தத் தடத்தில் நீராவி எஞ்சின் கூடாது என்று சட்டம் வந்தது. அப்போது வில்லியம் வில்கஸ் என்ற பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். மின்சார ரயிலுக்குப் புகை கிடையாது. புகை இல்லையென்றால் தண்டவாளத்தைத் திறந்து போட வேண்டியதில்லை. மூடிவிட்டால் மேலே உள்ள இடத்தை வாடகைக்கு விடலாம். அதுவரை எவரும் விலை வைக்காத ஆகாயத்துக்கு அவர் விலை வைத்தார். நிலையத்துக்கு வடக்கே பார்க் அவென்யூவின் பெரிய கட்டடங்கள் இன்றும் தண்டவாளங்களுக்கு மேலேதான் நிற்கின்றன. மண்ணில் நிற்பதாகவே நமக்குத் தோன்றும்.

1913-இல் திறந்த அந்த நிலையத்துக்கே பின்னாளில் அதே கணக்கு எமனாக வந்தது. 1968-இல் அதன் தலைமேல் 55 மாடிக் கோபுரம் எழுப்ப உரிமையாளர்கள் திட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் பென்சில்வேனியா நிலையம் போன சூட்டில் 1965-இல் நகரம் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருந்தது. நகரம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் முன்னின்று ஆதரவு திரட்டினார். 1978-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரம் வென்றது. மேலே கட்ட முடியாத உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றி விற்கலாம் என்ற ஏற்பாடும் அந்தத் தீர்ப்புக்குக் கைகொடுத்தது. பெரிய கூடத்துக்குள் போனால் உட்கூரையில் ராசி மண்டலத்தைப் பார். பெரும்பாலும் இடவலம் மாறி வரைந்திருக்கிறார்கள்!

பிறகு தெற்கே பிராட்வேக்குப் போ. உல்வொர்த் கட்டடம், 1913, 792 அடி. ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்ற கடைக்காரர் கடன் வாங்காமல் ரொக்கம் கொடுத்துக் கட்டியது. 1930 வரை உலகிலேயே உயரமானது. அழகு என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் பாடம் சற்றுத் தள்ளி, 120 பிராட்வேயில் இருக்கிறது. 1915-இல் முடிந்த ஈக்விட்டபிள் கட்டடம், மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு 38 மாடி செங்குத்தாக எழும்பியது. அதன் நிழலில் பக்கத்துக் கட்டடங்கள் இருண்டன. அடுத்த ஆண்டே, உயரப் போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்று நகரம் விதி போட்டது. எம்பயர் ஸ்டேட் நம் ஊர்க் கோபுரம் போல அடுக்கடுக்காகக் குறுகுவது இந்த விதியால்தான்.

ஈக்விட்டபிளுக்குச் சற்று வடக்கே, எதிர்ப்பக்கம் நிற்கும் கறுப்பு எஃகுக் கட்டடத்தின் இடத்தில் தையல் மெஷின் கம்பெனியின் சிங்கர் கோபுரம் இருந்தது. 1908-இல் 612 அடியோடு உலகின் உயரமான கட்டடம் அது. 1960-களின் கடைசியில் இடித்துவிட்டார்கள். பாதுகாப்புச் சட்டம் அப்போது அமலில்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தைத்தான் பட்டியலில் சேர்க்கவில்லை.

அன்புடன்,
மாமா