வர முடியாதவரின் வீடு தேடிச் சென்ற நபியவர்கள்

 

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக முகாம் நடத்தும் எந்தக் குழுவிலும் ஒரு பேச்சு அடிபடும்: "ஜும்ஆவில் அறிவிப்புச் செய்தோம், வாட்ஸ்அப்பிலும் போட்டோம். நாலு குடும்பம்தான் வந்தது. தேவையுள்ளவர்களே வராவிட்டால் நாம் என்ன செய்வது?"

நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு ரமளானில் உணவுப் பொருள் கொடுக்கப் போன சகோதரிகள், பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் ஏழு வயதுச் சிறுவனைப் பார்த்தார்கள். அவனால் நடக்க முடியாது, பேச்சும் வரவில்லை. "நாலு வருஷமா இங்கதான் இருக்கோம். யாரும் கேட்கல, நானும் சொல்லல" என்றார் அவன் உம்மா. அந்த நாலு வருடத்தில் நாங்கள் இரண்டு முகாம்கள் நடத்தியிருந்தோம்.

அந்தத் தாய்க்கு ஏன் செய்தி போகவில்லை? ஜும்ஆ அறிவிப்பைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவருடைய கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வாட்ஸ்அப் குழுவிலும் ஆண்கள்தான். ஜமாஅத் பதிவேட்டில் சந்தா கட்டும் தலைக்கட்டுகளின் பெயர்தான் இருக்கிறது, வாடகைக்கு வந்தவர் பெயர் இல்லை. முகாம் நடந்ததோ திருமண மண்டபத்தின் மாடியில். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒருத்தி எத்தனை படி ஏறுவாள்?

இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டும் ஒரு ஹதீஸைப் படிப்போம்.

இத்பான் (ரலி) அவர்களின் வேண்டுகோள்

இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள் மதீனாவின் அன்சாரித் தோழர், பத்ரில் கலந்துகொண்டவர். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழுவித்து வந்தார். அவருக்குப் பார்வை குன்றியது. மழை பெய்தால் அவருக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் ஓடும், கடக்க முடியாது. எனவே நபி (ஸல்) அவர்களிடம், தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழ வேண்டும், அந்த இடத்தைத் தம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன் என்று வேண்டினார். மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நபியவர்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. இதில் நமக்கு நான்கு பாடங்கள் இருக்கின்றன.

பாடம் 1: உட்காருவதற்கு முன் கேளுங்கள்

நபியவர்கள் அனுமதி கேட்டு உள்ளே நுழைந்தார்கள். உட்காருவதற்கு முன்பே, வீட்டில் எந்த இடத்தில் தொழவேண்டும் என்று விரும்புகிறீர் என இத்பானிடம் கேட்டார்கள். அவர் காட்டிய இடத்தில்தான் தொழுதார்கள். இடத்தைத் தீர்மானித்தவர் பார்வை குன்றிய அந்தத் தோழர்.

நாமோ பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டுத்தான் போகிறோம். சக்கர நாற்காலி வாங்கியாயிற்று, கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வீட்டுச் சந்தில் நாற்காலி போகுமா என்று கேட்பதில்லை. அந்தத் தாய்க்கு வேண்டியது வேறாக இருக்கலாம். வாரத்தில் ஒருநாள் மருத்துவமனைக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கலாம், இரண்டு மணிநேரம் தூக்கம் வேண்டியிருக்கலாம். "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள். புகைப்படம் வேண்டவே வேண்டாம்.

பாடம் 2: அவசரப்படாதீர்கள்

தொழுகை முடிந்ததும் நபியவர்கள் உடனே புறப்பட்டுவிடவில்லை. மாவும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்த உணவு அவர்களுக்காகத் தயாராகியிருந்தது. வீட்டார் அவர்களைச் சாப்பிட இருத்திக்கொண்டார்கள்.

நாம் போகும் வீட்டிலும் தேநீர் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். வாங்குபவர் மட்டுமே என்று ஆக்கப்பட்ட குடும்பம், கொடுக்கவும் தன்னால் முடியும் என்று உணரட்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்களே இருவராகப் போவது நல்லது. உருது பேசும் குடும்பமானால் உருது தெரிந்த ஒருவர் உடன் போகட்டும். முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போதுதான் உள் அறையிலிருந்து பிள்ளை வெளியே வரும்.

பாடம் 3: வராதவரைக் குறை சொல்லாதீர்கள்

நபியவர்கள் வந்திருப்பதை அறிந்து அக்கம்பக்கத்தார் அந்த வீட்டில் கூடிவிட்டார்கள். அப்போது ஒருவர், மாலிக் எங்கே காணோம் என்று கேட்டார். இன்னொருவர், அவன் நயவஞ்சகன், அல்லாஹ்வையும் தூதரையும் நேசிக்காதவன் என்றார். நபியவர்கள் அப்படிச் சொல்லவேண்டாம் என்று தடுத்தார்கள். அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடி அவர் கலிமா சொன்னதை எடுத்துக்காட்டினார்கள்.

ஒருவர் வரவில்லை என்றதும் அவரைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. "அவங்க யாரோடயும் பழக மாட்டாங்க", "பிள்ளைய மறைச்சு வச்சிருக்காங்க" என்கிறோம். அந்தக் குடும்பம் ஒருமுறை நிக்காஹ் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை சத்தம் போட்டதைப் பார்த்து நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள். "என்ன பாவம் செய்தாளோ" என்று யாரோ தாயின் காதுபடச் சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு அவர்கள் எப்படி வருவார்கள்?

பாடம் 4: கேட்காதவரையும் தேடுங்கள்

இத்பான் (ரலி) அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு என்ன வழி? பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவரைச் சில நாட்களாகக் காணாமல் நபியவர்களே விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். சிறிய விஷயம் என்று கருதி அதைச் சொல்லாமல் இருந்திருந்தார்கள். எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, அவருடைய கப்றுக்குப் போய் நபியவர்கள் தொழுதார்கள்.

யார் வரவில்லை என்று பார்ப்பது இந்த ஸுன்னத். நம் பட்டியல் வந்தவர்களின் பட்டியல். அதில் இல்லாதவர்களைக் கண்டுபிடிக்க மக்தப் உஸ்தாதிடம், அங்கன்வாடி ஊழியரிடம், தெருக்கோடி மளிகைக்கடைக்காரரிடம், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேளுங்கள். வசதியான வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஜகாத் தேவைப்படாது, ஆனால் அந்தத் தாயும் தனியாகத்தான் இருப்பாள்.

கொண்டுபோக வேண்டிய செய்தி

வெறுங்கையோடு ஆறுதல் சொல்லப் போவதைவிட, இந்த விவரங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா ஆகியவையும் அதில் அடங்கும். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கலாம்.

பள்ளிக்குப் போகவே முடியாத பிள்ளைக்கு, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அரசு மருத்துவரின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு போன்ற நிலைகளில் இருப்போருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கவும் அச்சட்டத்தில் வழி இருக்கிறது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" என்று இரவெல்லாம் அழும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

இவற்றில் சிலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உள்காதுக் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது, ஆனால் வயது வரம்பும் இருக்கிறது. நாம் நாலு வருடம் தாமதித்தால் அந்த நாலு வருடத்தைப் பிள்ளைக்குத் திருப்பித் தர முடியாது. விவரத்தைச் சொல்வதோடு நிற்காமல், அலுவலகத்துக்கும் கூடவே போங்கள். பாதிப் பேர் முதல் வரிசையிலேயே மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டில் அமர்ந்து பேச

1. நம் தெருவில் பெருநாள் தொழுகையிலும் நிக்காஹ் வீட்டிலும் பார்க்காத பிள்ளை யாரேனும் உண்டா?

2. நம் வீட்டு விருந்துக்கு அந்தக் குடும்பத்தை அழைத்தால், பிள்ளையையும் அழைத்து வரச் சொல்கிறோமா?

3. நம் மக்தபில் அந்தப் பிள்ளை உட்கார ஓர் இடம் இருக்கிறதா? ஒரே ஒரு சூராவை ஓராண்டில் ஓதினாலும் மகிழும் உஸ்தாத் இருக்கிறாரா?

நபியவர்கள் ஒருமுறை போனதும் இத்பானின் வீட்டில் தெருவே கூடியது. தொழுகைக்கு வர முடியாதவரின் வீடு தொழுமிடம் ஆனது. இந்த வாரம் நாம் ஒரு வீட்டுக் கதவையாவது ஸலாம் சொல்லித் தட்டுவோம். அந்தப் பிள்ளைகளை நம்மிடம் தரப்பட்ட அமானிதமாகப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.