கருமணலும் மக்கள் நம்பிக்கையும்

நுழையும் முன்

மாணவர்களே! நம் வீட்டுச் சுவரில் பூசும் வெள்ளை வண்ணத்திற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள சவறாக் கடற்கரையின் கருமணலிலிருந்து அது பெறப்படுகிறது. அத்தகைய மணல் இலங்கையின் கிழக்குக் கரையிலும் உண்டு. நெடுங்காலம் போர் நிகழ்ந்த அந்நாட்டில் கனிமத் தொழிலுக்கு நேர்ந்த இடர்ப்பாடுகளை இப்பாடத்தில் அறிவோம்.

புல்மோட்டை

திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பிற்கு அருகில் அமைந்த ஊர் புல்மோட்டை. அலைகள் இலேசான மணலை அடித்துச் செல்ல, கனமான இல்மனைட்டு, ரூட்டைல், சிர்கான் ஆகிய கனிமங்கள் கரையிலேயே தங்குகின்றன. இவற்றை எடுக்க 1957இல் அரசுக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இங்கே சுரங்கம் குடைய வேண்டியதில்லை. பாறையைப் பிளக்க வேண்டியதில்லை. மேற்பரப்பில் கிடக்கும் மணலை அள்ளிப் பிரித்தால் போதும். ஆகவே, இத்தொழிலுக்கு இயற்கை பெருந்தடையாக இருக்கவில்லை.

போர் விளைத்த தடைகள்

இலங்கையில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நடைபெற்றது. கனிம மணல் பெரும் எடையுள்ள சரக்கு. அயல்நாடுகளுக்குக் கப்பல் வழியாகவே அனுப்ப இயலும். 1997 செப்டம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட்டு ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ என்னும் கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. உயிர்கள் பலியாயின. இத்தகைய நிகழ்வுக்குப் பின் கப்பல் உரிமையாளர் அக்கடலுக்கு வரத் தயங்குவர். காப்புறுதிக் கட்டணமும் உயரும். கப்பல் வாராவிடின், தோண்டிய மணலும் கரையில் குவியலாகவே கிடக்கும்.

முதலீடு அடுத்த தடையாகும். நெசவாலையின் தறிகளைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டு செல்லலாம். கனிமப் படிவை நகர்த்த இயலாது. இட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். நாளை எந்த ஆட்சி, எந்தச் சட்டம் நிலவும் என்பது தெரியாத இடத்தில் அத்தனை காலம் காத்திருக்க எவரும் எளிதில் முன்வாரார்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கிருந்த பெரிய ரூட்டைல் சுரங்கம் 1995இல் கிளர்ச்சிப் படையினரால் தாக்கப்பட்டு மூடப்பட்டது. போர் 2002இல் முடிந்தது. எனினும், சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சுரங்கம் மீண்டும் இயங்கியது. துப்பாக்கி ஓய்ந்த நாளிலேயே தொழில் உயிர் பெறுவதில்லை என்பதற்கு இது சான்று.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் நிலம் பற்றிய கேள்வி எழுகிறது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தம் காணி உறுதிகளை இழந்தன. ஊரில் இல்லாத காலத்தில் அவர்களது நிலத்தில் பிறர் குடியேறியதும் உண்டு. போரினால் நீதிமன்றத்தை நாட இயலாதவர்கள் தம் உரிமையைக் கோருவதற்காக, 2016இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. எவருக்கு உரியது என்று உறுதியாகாத நிலத்தில் மணல் அள்ள முனைந்தால், பழைய புண்ணே மீண்டும் கிளறப்படும்.

மன்னார்த் தீவிலும் இல்மனைட்டு மணல் உண்டு. தாழ்வான அத்தீவில் மணலை அகற்றினால் நன்னீர் கெடும், கடல்நீர் உட்புகும் என்று மக்கள் அஞ்சுகின்றனர். மணல் அகழ்வையும் காற்றாலைத் திட்டத்தையும் எதிர்த்து 2025இல் அவர்கள் தொடர் போராட்டம் நடத்தினர். போர் காணாத நம் கேரளத்திலும், கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டு மக்கள் தம் ஊரைக் கடல் விழுங்குகிறது என்று கூறி மணல் அகழ்வை எதிர்த்தனர். ஆயினும், பல்லாண்டுகள் போரைக் கண்ட மக்கள் அரசின் வாக்குறுதியை ஐயத்தோடு நோக்குவது இயல்பு. இவர்களது மறுப்பைத் தடை என்று மட்டும் கருதலாகாது. அது விடை வேண்டி நிற்கும் வினா.

நிலம் யாருக்கு உரியது, நீருக்கு யார் பொறுப்பு, வருவாயில் ஊருக்குப் பங்கு எவ்வளவு என்னும் மூன்றுக்கும் மக்கள் ஏற்கும் விடை வேண்டும். எந்திரம் வந்திறங்கிய பின் அவ்விடையைத் தேடினால் பூசலே மிஞ்சும். ஆதலால், அகழ்வு தொடங்குமுன் அவர்களது இசைவைப் பெறுவதே முறையாகும்.

அருஞ்சொற்பொருள்

களப்பு – கடலோர உப்பங்கழி
கூட்டுத்தாபனம் – அரசு நிறுவனம் (இலங்கை வழக்கு)
காப்புறுதி – காப்பீடு
காணி உறுதி – நிலப்பத்திரம்
அகழ்வு – தோண்டியெடுத்தல்
இசைவு – உடன்பாடு

பயிற்சி

1. புல்மோட்டையில் கனிமம் எடுப்பதற்கு இயற்கை பெருந்தடையாக இல்லை எனக் கூறுவது ஏன்?
2. நெசவாலையையும் கனிமத் தொழிலையும் ஒப்பிட்டு, முதலீட்டாளர் தயங்கும் காரணத்தை எழுதுக.
3. ‘வாராவிடின்’, ‘முன்வாரார்’ – பிரித்துப் பொருள் கூறுக.
4. உம் ஊரில் கல்குவாரி ஒன்று தொடங்கப்படுவதாகக் கொள்க. ஊர்க்கூட்டத்தில் நீவிர் எழுப்பும் மூன்று வினாக்களைக் காரணத்துடன் எழுதுக.