நல்ல நேரம் எது?

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்னால் உள்ளது சந்தாபுரா. அருகிலுள்ள தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களும் கன்னடக் குடும்பங்களும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஒரு வீட்டில் யுகாதியன்று புத்தாண்டு பிறக்கிறது. பக்கத்து வீட்டிலோ சித்திரை முதல் நாளன்று பிறக்கிறது. 2025-ஆம் ஆண்டில் முன்னது மார்ச் 30 அன்றும், பின்னது ஏப்ரல் 14 அன்றும் வந்தன.

அத்தகைய இரு குடும்பங்களுக்கிடையே திருமணம் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்னட வீட்டார் ஆஷாட மாதத்தை விலக்குவர். தமிழ் வீட்டார் ஆடியை விலக்குவர். 2025-இல் ஆஷாடம் ஜூன் 26 முதல் ஜூலை 24 வரை; ஆடி ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. இரண்டையும் விலக்கினால் 52 நாட்கள் கழிந்துவிடுகின்றன. 'எங்கள் பஞ்சாங்கமே சரி' என்று இரு தரப்புப் பெரியவர்களும் பிடிவாதம் பிடித்தால், முகூர்த்தம் குறிக்கும் முன்பே மனக்கசப்பு வந்துவிடும் அல்லவா? உண்மையில் எது சரி?

வானம் ஒன்று, கணக்கு இரண்டு

தமிழ் மாதம் சூரியனை அடிப்படையாகக் கொண்டது. சூரியன் ஒரு ராசியில் நுழைவது முதல் அடுத்த ராசியில் நுழைவது வரை ஒரு மாதம். கன்னட மாதமோ சந்திரனைப் பின்பற்றி, அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் நிறைவுறுகிறது. பன்னிரண்டு சாந்திரமான மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே ஆகின்றன. சூரிய ஆண்டைவிட இது 11 நாட்கள் குறைவு. இக்குறையை ஈடுசெய்யவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதம் சேர்க்கப்படுகிறது. ஆகவே இரண்டு கணக்குகளும் சரியானவையே.

விலக்கப்படும் இம்மாதங்கள் தீயவையும் அல்ல. குருவைப் போற்றும் குரு பூர்ணிமை ஆஷாடப் பௌர்ணமியில்தான் வருகிறது. ஆடி மாதம் அம்மன் வழிபாட்டுக்கும் விதைப்புக்கும் உரியது. இல்லற விழாக்களைச் சற்று ஒதுக்கிவைத்து, இறைவழிபாட்டுக்கு இடம் தரும் மாதங்கள் இவை என்று கொள்வதே பொருத்தம்.

பஞ்சாங்கங்களுக்குள் வேறுபாடு

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து அங்கங்களை உடையது பஞ்சாங்கம். சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்ல ஆகும் காலம் ஒரு திதி. இதைக் கணிப்பதில் தமிழகத்திலேயே இரு முறைகள் உண்டு. பழைய வாக்கியங்களைக்கொண்டு கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். கிரகங்களின் கண்கூடான நிலையைக்கொண்டு கணிப்பது திருக்கணிதம். சனி பகவான் கும்ப ராசியில் பிரவேசித்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று. வாக்கியப்படி அது 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடைபெற்றதும் அன்றே. இடைவெளி பதினொரு மாதங்கள்! இரு நாட்களிலும் பக்தர்கள் மெய்யுருகி வழிபட்டனர். அவர்களுள் ஒரு சாராருடைய பிரார்த்தனை வீணானது என்று யாரால் கூற முடியும்?

ராகு காலத்தையும் நோக்குவோம். பகற்பொழுதை எட்டாகப் பகுத்தால், திங்கட்கிழமையன்று இரண்டாம் பகுதி ராகு காலம். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று கொண்டு, நாள்காட்டிகள் அதை 7.30 முதல் 9 வரை என அச்சிடுகின்றன. ஆனால் ஜனவரி நடுவில் பெங்களூர்ப் பகுதியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.45 மணிக்கு. அதன்படி கணக்கிட்டால் ராகு காலம் சுமார் 8.10 முதல் 9.35 வரை ஆகிறது. 9 மணி வரை காத்திருந்து புறப்படுபவர், தாம் அஞ்சிய நேரத்திலேயே அடியெடுத்து வைக்கிறார்!

எதற்கு நேரம் பார்ப்பது?

கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் எனச் சாஸ்திரங்கள் பகுக்கின்றன. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மங்களுக்குத் தினந்தோறும் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. கிரகணம், சிராத்தம் போன்றவற்றில் நிமித்தமே காலத்தை நிர்ணயிக்கிறது. ஒரு பலனை விரும்பித் தொடங்கும் காரியங்களுக்கும், திருமணம் போன்ற சம்ஸ்காரங்களுக்குமே நாம் முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இந்த எல்லையை மறக்கும்போதுதான் நம்பிக்கை அச்சமாக மாறுகிறது. மார்வலியால் துடிப்பவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ராகு காலம் முடியட்டும் என்று காத்திருப்பது பக்தி ஆகாது; உயிருக்கே ஆபத்தாக முடியும். பசித்தவனுக்கு உணவிடவும், இறைவனின் நாமத்தைச் சொல்லவும், செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்கவும் எந்த நாளும் நல்ல நாளே.

அப்படியானால் முகூர்த்தம் பார்ப்பது வீணா? இல்லை. பூஜையின் தொடக்கத்தில் செய்யும் சங்கல்பத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என வரிசையாகக் கூறி, 'இந்த இடத்தில், இந்த வேளையில், இந்தக் காரியத்தைச் செய்கிறேன்' என்று உறுதிகொள்கிறோம். அலைபாயும் மனம் அங்கே ஒருமுகப்படுகிறது. பஞ்சாங்கத்தின் பெரும்பயன் இதுவே.

ஆகவே குடும்ப வழக்கத்தை ஒட்டி ஒரு பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பயனுக்கேற்றபடி அடிக்கடி மாற்றாதீர்கள். அடுத்தவருடைய பஞ்சாங்கத்தைப் பழிக்காதீர்கள். சந்தாபுராவின் அவ்விரு வீட்டாரும் ஒருவர் வழக்கத்தை ஒருவர் மதித்து, ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்தால், அந்த 52 நாட்கள் வீணாகா. விட்டுக்கொடுக்கும் பண்பை மணமக்கள் அந்நாட்களிலேயே தங்கள் பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள்.