பீலிக்கு மேலே என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். சுற்றாடல் மாசடைதலின் வகைகள், காரணங்கள், விளைவுகள் என்று ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். அவள் எழுதி வைத்திருப்பதெல்லாம் தொழிற்சாலைப் புகை, வாகன நெரிசல், கடலில் கொட்டும் எண்ணெய். எங்கள் லயத்துப் பக்கம் இவை ஒன்றும் இல்லை. மழை பெய்தால் பீலியில் தண்ணீர் கலங்கி வரும், அவ்வளவுதான். அது மாசா, வெறும் மண்ணா? எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுத ஏதாவது உண்டா?
– ஒரு தாய், லிந்துலை

பதில்: கலங்கலும் மாசுதான். தாராளமாக எழுதச் சொல்லுங்கள். நிலம், நீர், வளி, ஒலி என்று பாடப்புத்தகம் பிரித்து வைத்திருப்பது படிக்க வசதி. சரிவான மலையில் அந்தப் பிரிவு நிற்காது. மேலே நில மாசாக இருப்பது ஒரு மழையில் கான் வழியே இறங்கி, கீழே நீர் மாசாகிவிடும்.

தேயிலை நெருக்கமாக வளர்ந்து தரையை மூடியிருந்தால் மண் அதிகம் போகாது. பழைய விதைத் தேயிலை மலைகளில் செடிக்குச் செடி இடைவெளி விழுந்திருக்கும். அங்கே சுரண்டியால் புல்லைச் சுரண்டினாலும் சரி, மருந்து அடித்துக் கருக்கினாலும் சரி, மிஞ்சுவது வெற்று மண். போட்ட உரத்தில் உள்ள பொஸ்பரஸும், அடித்த களைகொல்லியும் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். கிளைபொசேட்டும் அப்படி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் மருந்துதான். 2015இல் அதை நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். தடை வேண்டுமா வேண்டாமா என்று கொழும்பில் நடந்த சண்டையில், கான்களைத் துப்பரவாக வைப்பது பற்றியும் வெற்று நிலத்தை மூடுவது பற்றியும் பேசியவர்கள் குறைவு. மருந்து எதுவானாலும் மண் நின்றால்தான் அதுவும் நிற்கும். மறுநடுகைக்கு முன் மாணாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு நிலத்தைத் தேற்றச் சொல்வது உங்களுக்குப் பக்கத்திலேயே, தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம்தான்.

தேயிலையை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் கிழங்குக்கும் கோவாவுக்கும் போடும் உரம் தேயிலைக்குப் போடுவதைவிட மிக அதிகம். அந்த உரமும் நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்து, 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைத்த ஏரியில் பாசியையும் வண்டலையும் வளர்க்கின்றன. ஏரித் தண்ணீர் நானு ஓயாவில் இறங்கும், நானு ஓயா கொத்மலை ஓயாவில் சேரும். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. அந்தப் பாசியில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் அப்படித்தான். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாயும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

கிருமி வேறு கதை. மலசலகூடக் குழி பீலிக்கு மேல்பக்கம் இருந்தால், தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அது மாசுதான். 2007இல் கம்பளையில் பெருவாரியாகப் பரவிய செங்கண்மாரி, மலக் கழிவு கலந்த தண்ணீராலும் உணவாலும் தொற்றும் வகை. வைரஸ் உடலில் புகுந்து நோய் தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பதே மறந்துபோகும். ஆனால் தண்ணீரில் உள்ள இந்தக் கிருமிகளைக் கொதி கொல்லும். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். நம் உயரத்துக்கு மூன்று நிமிடம் விட்டாலும் நட்டமில்லை.

வளி மாசு என்ற தலைப்பின் கீழ் மகள் கொழும்பு பஸ்களை எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு உங்கள் அடுப்பை எழுதச் சொல்லுங்கள். கவ்வாத்து மிலாறு நன்றாக எரியும். ஈரமாக இருந்தால் புகையும் நன்றாக வரும். புகைபோக்கி இல்லாத லயக் காம்பராவில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தால், அந்தப் புகைக்குப் போக்கிடம் உங்கள் நெஞ்சும் பிள்ளைகளின் நெஞ்சும்தான். பிள்ளைகளுக்கு நிமோனியா, பெண்களுக்குத் தீராத இருமலும் மூச்சிழுப்பும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்க சொப்பிங் பையைப் போடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

ஒலி மாசுக்கு ஒரு பந்தி போதும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. அம்மன் திருவிழாக் குழுவினர் கோபித்தாலும் எழுதத்தான் வேண்டும்.

குப்பைக்கு வருவோம். கானில் கிடக்கும் பம்பர்ஸையும் போத்தலையும் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட அது தடையாக நின்றது. வாக்குப் போடலாம், குப்பை லொறி மட்டும் வராது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன் நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளையும் அமைத்தார்கள். முப்பது வருடம் குப்பை எடுக்க ஆள் வராத இடத்தில், கானும் அடுப்பும் குப்பைத்தொட்டியானதில் ஆச்சரியம் என்ன? காரணங்கள் என்ற பகுதியில் இந்தச் சட்டப் பிரிவையும் மகள் எழுதலாம். பாடப்புத்தகத்தில் அது இருக்காது.

ஒப்படைக்குப் படம் வேண்டுமென்றால், பீலியிலிருந்து மேல்நோக்கி நடந்து, வழியில் இருப்பதை வரையச் சொல்லுங்கள்: எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், மருந்துத் தாங்கியை எங்கே கழுவுகிறார்கள், மலசலகூடக் குழி எங்கே, மாட்டுத் தொழுவம் எங்கே, கான் எங்கே உடைந்திருக்கிறது. தோட்டத்து ஆள் யாரையாவது துணைக்கு அனுப்புங்கள். மருந்து அடித்த அன்று போக வேண்டாம். அந்தப் படத்தின் பிரதியொன்றை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். இன்னொன்றைப் பிரதேச சபைக்கு, குப்பை லொறி கேட்டு எழுதும் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம், புள்ளியும் கூடும்.