தலைப்பாகையும் இடுப்புத் துண்டும்

அன்பு மருமகளுக்கு அம்மான் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உன் சீக்கியச் சிநேகிதி வீட்டாரோடு அமிர்தசரஸ் போகிறாய் என்றும், டிசம்பர் விடுமுறையில் அவளும் அவள் அண்ணனும் காரைக்குடி வருகிறார்கள் என்றும் அறிந்து எல்லோருக்கும் சந்தோஷம். பொற்கோயிலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவர்களைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போனால் சங்கடம் வருமா என்று கேட்டிருக்கிறாய். போவதற்கு முன்னால் கேட்டது நல்லது.

சீக்கியருக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்காதே. காசியில் நம் நகரத்தார் சத்திரம் 1863-இல் ஏற்பட்டது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதர் பூசைக்கான பொருள்களைச் சுமந்துகொண்டு 'சம்போ' ஊர்வலம் போவதை உன் ஆயா சொல்லக் கேட்டிருப்பாய். இப்போதுள்ள அந்தக் கோயிலை 1780 வாக்கில் எழுப்பியவர் மராட்டிய அரசி அகல்யாபாய். அதன் சிகரத்துக்குப் பொன் கொடுத்தவர் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங். நீ பார்க்கப்போகும் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிபுக்குப் பொன் போர்த்தியவரும் அவரே. உருவம் வைத்து வணங்காத நெறியில் வந்த ஒருவர், தன் ஆட்சிக்கு வெளியே, சிவன் கோயிலுக்குப் பொன் வேய்ந்திருக்கிறார். நம்மவர் சுமந்துபோகும் பால் அபிஷேகமாவது அந்தப் பொன்னின் கீழேதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சீக்கியர் வழிபாட்டிடமான குருத்வாராவுக்குள் போகும் எவரும், ஆணோ பெண்ணோ, தலையை மூடிக்கொள்ள வேண்டும். துப்பட்டா நழுவாமல் பார்த்துக்கொள். செருப்பை விட்டு, வாசலில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு போ. குரு கிரந்த சாகிப் வைத்திருக்கும் பக்கம் காலை நீட்டி உட்காராதே. 1708-இல் குரு கோவிந்த் சிங், தமக்குப்பின் ஆள் எவரும் குரு இல்லை, இந்த நூலே குரு என்று நிலைநிறுத்தினார். அதனால்தான் அதற்கு விதானமும் சாமரமும். இரவில் பல்லக்கில் ஹர்மந்திரிலிருந்து அகால் தக்துக்கு எடுத்துப்போய், விடியுமுன் திரும்பக் கொண்டுவருவார்கள். பள்ளியறைப் பூசை பார்த்து வளர்ந்த உனக்கு அது பழகியதுபோலத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் "உங்கள் சாமிக்கும் பள்ளியறை உண்டா?" என்று கேட்டுவிடாதே. அவர்கள் வணங்குவது அந்த நூலில் உள்ள குருவின் சொல்லை. அதில் கபீர், நாமதேவர், ரவிதாசர், ஜெயதேவர் பாடல்களும் ஷேக் ஃபரீத் என்ற சூஃபியின் பாடல்களும் இருக்கின்றன. வேறு நெறியில் நின்று பாடியவர்களையும் தம் வேதத்துக்குள் உட்காரவைத்தவர்கள் அவர்கள்.

கடா பிரசாதத்தை இரண்டு கையும் சேர்த்து ஏந்தி வாங்கு. நம் கோயிலில்போல் வலது கையை மட்டும் நீட்டாதே. லங்கர் என்னும் பொதுப் பந்தியில் ரொட்டி வாங்குவதும் அப்படியே. வேண்டியதை மட்டும் வாங்கு, மிச்சம் வைக்காதே. சாப்பிட்டு எழுந்ததும் கிளம்பிவிடாமல் பாத்திரம் கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று நாலு தட்டைக் கழுவிவிட்டு வா. யாரும் உன் ஊர், பேர் கேட்க மாட்டார்கள்.

சோறு போடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று செட்டிநாட்டில் பெருமை பேசுவோம். காசி முதல் ராமேசுவரம்வரை சத்திரம் கட்டியவர்கள், பழனிப் பாதயாத்திரைக்கு வழிநெடுக அன்னதானம் செய்கிறவர்கள். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்துப் பந்தி பிரித்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் நுழைய 1939 ஆயிற்று. குரு நானக் வழியில் வந்தவர்கள் அதற்குப் பல நூறு ஆண்டு முன்பே எல்லோரையும் ஒரே வரிசையில், தரையில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். ஹர்மந்திருக்கு நாலு பக்கமும் வாசல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தவித்தபோது தியாகராய நகர் குருத்வாராவின் அடுப்பு எரிந்ததும் அந்தப் பழக்கத்தால்தான். லங்கரில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமலே சாப்பிடுவாய். அதை நம் வீட்டு விசேஷங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கள் இங்கே வருவதைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கம் சாமி முன்னால் ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். தலையில் துணியோடு நிற்பது மரியாதைக் குறைவு. உன் சிநேகிதியின் அண்ணன் தலைப்பாகையோடு பிள்ளையார்பட்டிக்குள் வந்தால், பெரியவர் யாராவது, "அதை எடுக்கச் சொல்லம்மா" என்று சொல்லக்கூடும். நீ முந்திக்கொண்டு பதில் சொல். வெட்டாத முடி அவர்களுக்குக் குருவின் கட்டளை, தலைப்பாகை அதைக் காப்பது. பலர் முன்னால் அதைக் கழற்றச் சொல்வது பெரிய அவமானம். அவர் தலைப்பாகையோடு நிற்பதும் நம்மவர் துண்டை இறக்குவதும் ஒரே பணிவு. இப்படிப் பக்குவமாகச் சொன்னால் நம் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

திருநீறு கொடுக்கும்போது அவர்கள் பூசிக்கொண்டாலும் சரி, கும்பிட்டுவிட்டு விலகினாலும் சரி, வற்புறுத்தாதே. "நீங்களும் இந்துக்கள்தானே" என்று யாராவது பிரியமாகச் சொன்னால் பேச்சை மாற்று. நம் வாயில் அது உறவு கொண்டாடுவது, ஆனால் தனி நெறியாக வாழும் பலருக்கு அது வலிக்கும். 1984 பற்றி நீயாக ஆரம்பிக்காதே. அந்த ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது. நவம்பரில் டில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதைப் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

குன்றக்குடிக்கும் அழைத்துப்போ. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப்பின் அங்கே போய் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே சமாதானம் பேசிய அடிகளாரின் மடம் அது. ஒருநாள் ராமேசுவரம் போகலாம். குரு நானக் தெற்கே வந்தபோது அங்கே தங்கினார் என்பது சீக்கியர் நம்பிக்கை. அதன் நினைவாக ஒரு குருத்வாரா இருக்கிறது. ராமநாதசுவாமியைக் கும்பிடப் போகும் நம் சனம் அதை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். இந்த முறை நாம் எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போவோம்.

அவர்கள் அசைவம் சாப்பிடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுச் சொல். சீக்கியர் சிலர் சாப்பிடுவார்கள், சிலர் தொட மாட்டார்கள். சாப்பிடாவிட்டால் என்ன, வெள்ளைப்பணியாரமும் கந்தரப்பமும் கவுனியரிசியும் இருக்கின்றன. வெற்றிலைத் தட்டிலிருந்து புகையிலையை எடுத்துவைக்க ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் நெறியில் அது முற்றிலும் விலக்கு. அண்ணன் அமிர்தம் எடுத்து தீட்சை பெற்றவரா, கிர்பான் என்னும் குறுவாள் அணிகிறவரா என்பதையும் எழுது. அப்படியானால் கோயில் அலுவலகத்தில் முன்னதாகவே சொல்லிவைக்கிறேன். வாசலில் வைத்துக் கேள்வி கேட்டு விருந்தாளியைத் தலைகுனிய வைக்கக் கூடாது. பல்லவன் ரயிலில் வருகிறீர்களா, எந்தத் தேதி என்று தெரிந்தால் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மான்