பயிர் காக்கும் துவக்கு: முதன்முதலாக வாங்கும் கமக்காரர் அறியவேண்டியவை

நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்திலே காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவு வயலில் இறங்குமாயின், அது தின்பதிலும் மிதித்துப் புரட்டி அழிப்பதே அதிகமாகும். மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் ஆகிய மேட்டுநிலப் பயிர்களுக்கு முள்ளம்பன்றியும் சேர்ந்து கேடு விளைக்கும். இவற்றைத் தடுத்தற்கு உறுதியான வேலி, வரம்போரப் பற்றைகளை வெட்டி வெளியாக்கல், அயலவர் கூடி முறைவைத்துக் காவல் செய்தல் என்பனவே முதல் வழிகளாம். இவையனைத்தும் செய்தபின்னரும் பயிரழிவு நில்லாதவிடத்துத்தான் துவக்கைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

துவக்கு, மண்வெட்டியையும் மருந்து தெளிகருவியையும் போன்ற மற்றுமொரு கமக்கருவியன்று. மண்வெட்டி தவறினாற் காற்பெருவிரல் காயப்படும். துவக்குத் தவறினால் அயல் வயலிற் காவலிருப்பவரின் உயிர் போகும். ஆதலால் எவ்வகைத் துவக்கு, எவ்வகைத் தோட்டா, எவ்வாறு கையாளல் என்பவற்றை வாங்குவதற்கு முன்னரே தெளிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் அனுமதிப்பத்திரம்

இலங்கையிலே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தலாகாது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். விண்ணப்பம் பற்றிய விவரங்களைக் கிராம அலுவலரிடமும் மாவட்டச் செயலகத்திலும் கேட்டறியலாம். பயிர்ப் பாதுகாப்புக்கென எவ்வகைத் துவக்கிற்கு அனுமதி கிடைக்கும் என்பதை அறிந்தபின்னரே விலை பேசுங்கள். கையிலே பணத்தைக் கொடுத்துத் துவக்கை ஒழுங்கு செய்துவிட்டுப் பின்னர் அனுமதிக்கு அலைபவர் பணத்தையும் இழப்பர், சில வேளைகளிற் சட்டத்துக்கும் ஆளாவர்.

எவ்விலங்கைச் சுடலாம், எதனைச் சுடலாகாது என்பது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் வரையறுக்கப்படுவது. வனசீவராசிகள் உத்தியோகத்தரைக் கேட்டு நடவுங்கள். யானையைச் சுடுதல் பெருங்குற்றம். அன்றியும், சன்னத் துவக்கின் வெடி யானையைக் கொல்லாது. காயப்படுத்திச் சினமூட்டி, மறுநாள் அவ்வழி செல்வோர்மீது ஏவிவிடும்.

பன்றி வரும் வழியிலே கட்டுத்துவக்குக் கட்டுதலும், வேலிக்கு வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுதலும் கொலைக்கு ஒப்பானவை. அவற்றுக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது.

2. மூவகைத் துவக்குகள்

கமக்காரர் தெரிவு செய்யத்தக்க சன்னத் துவக்குகள் மூவகைப்படும்.

ஒற்றைக் குழல்: நடுவே மடித்துத் திறந்து ஒரு தோட்டா இடுவது. பாரம் குறைவு, பழுது குறைவு, விலையும் குறைவு. மடித்து வைத்தால் வெடியறை வெறுமையா என்பதைத் தூரத்தில் நிற்பவரும் காணலாம்.

இரட்டைக் குழல்: இதுவும் மடித்துத் திறப்பதே. இரு குழல்களிலும் இருவேறு தோட்டாக்களை இட்டு வைக்கலாம்.

தொடர்வேட்டுத் துவக்கு: ‘றிப்பீற்றர்’ என்று வழங்குவது. குழலின் கீழேயுள்ள முன்பிடியைக் கையாற் பின்னிழுத்து முன்தள்ளிச் சுடுவது. உலகிலே மிகப் பரவலாக வழங்கும் துவக்கு வகைகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 1897 ஆம் ஆண்டின் வின்செஸ்ரர், 1937 ஆம் ஆண்டின் இத்தாக்கா, 1950 ஆம் ஆண்டில் வெளிவந்த றெமிங்டன் 870 என்பன இவ்வகையிற் பேர்பெற்றவை.

ஒரேயொரு துண்டு வயலைக் காப்பவரும், முன்பு துவக்கைத் தொட்டறியாதவருமான கமக்காரருக்கு ஒற்றைக் குழலே போதுமானது. நெல்லும் மேட்டுநிலப் பயிரும் ஒருங்கே செய்து, பல பருவங்களிற் பல்வேறு தேவைகளுக்கு ஒரே துவக்கை வைத்துக்கொள்ள எண்ணுபவருக்கு, அனுமதியும் கிடைக்குமாயின், றிப்பீற்றர் ஏற்றது. ஆயினும் அதனைப் பழகுதற்குப் பொறுமை வேண்டும்.

3. றிப்பீற்றர் இயங்கும் முறை

குழலின் கீழே அதற்கு ஒப்பாக ஓடும் மற்றொரு குழாயே தோட்டாக் கூடு. அதிற் பெரும்பாலும் 4 அல்லது 5 தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்பிடியைப் பின்னிழுக்கும்போது சுட்ட தோட்டாவின் கோது வெளியே எறியப்படும். கூட்டிலிருந்து அடுத்த தோட்டா பின்னே வரும். முன்தள்ளும்போது அத்தோட்டா உயர்த்தப்பட்டு வெடியறையுட் புகும், பூட்டும் விழும். வெடித்தபின் முன்பிடி தானாக விடுபடும். வெடிக்காது நிற்கையில் அதனை விடுவித்தற்கு ஒரு சிறு பொத்தானை அமர்த்துதல் வேண்டும்.

இதன் நன்மை யாதெனில், வேலை செய்வது உங்கள் கையேயன்றித் தோட்டாவின் வலிமையன்று. ஈரத்தால் நலிந்த தோட்டாவாயினும், மென்மையான தோட்டாவாயினும், வன்மையான தோட்டாவாயினும் துவக்கு ஒரேவிதமாக இயங்கும். காயப்பட்ட பன்றியைத் தாமதமின்றி இரண்டாம் வெடியால் வீழ்த்தவும் முடியும்.

இதன் தீமையும் இதனுள்ளேயே உள்ளது. வெடியறையும் கூடும் வெளியே தெரியா. வெடியறையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துவிட்டு ‘வெறுமை’ என்று எண்ணுபவர், முன்பிடியை மீண்டும் தள்ளும்போது கூட்டிலிருந்து மற்றொன்று ஏறிவிட்டதை அறியார். ஆதலால் துவக்கைத் திறந்து, கூட்டை முழுவதும் வெறுமையாக்கி, கண்ணாற் பார்த்து, இருளாயின் விரலாலும் தடவிப் பார்த்தபின்னரே வெறுமை எனக் கொள்ளுதல் வேண்டும்.

முன்பிடியை அரைகுறையாக இழுத்தால் தோட்டா சிக்கிக்கொள்ளும். முழுவதும் இழுத்து, முழுவதும் தள்ளுவதே பழக்கமாக வேண்டும். அனுபவமுள்ள ஒருவரின் முன்னிலையில், மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாக்களைக் கொண்டு இதனைப் பழகிக்கொள்ளுங்கள்.

4. தெரிவு செய்கையில் நோக்கவேண்டியவை

குழலின் அளவு: 12 போர் என்பதே பொதுவாக ஏற்றது. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே இக்குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். 16, 20 என எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்.

வெடியறை நீளம்: இது குழலின்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். 65, 70, 76 மில்லிமீற்றர் என்பன வழக்கிலுள்ளவை. தோட்டாவின் நீளம் வெடித்து விரிந்தபின் உள்ள நீளமேயாகும். ஆதலால் 70 மில்லிமீற்றர்த் தோட்டா 65 மில்லிமீற்றர் வெடியறையுள் இலகுவாக நுழைந்துவிடும்; நுழைவதனாற் பொருந்தும் என எண்ணலாகாது. வெடிக்கையில் அதன் வாய் விரிய இடமின்றி அமுக்கம் மிகும். பழைய துவக்குப் பிளக்கவும் கூடும்.

குழலின் நீளம்: 26 முதல் 28 அங்குலம் வரை (66 முதல் 71 சதமமீற்றர்) பல தேவைகளுக்கும் இசைவானது. குறுகியது பற்றைக் காட்டில் இலகுவெனினும் அதிர்வும் ஓசையும் மிகும்.

வாய் ஒடுக்கம்: குழலின் வாய் சிறிது ஒடுங்கியிருப்பதைச் ‘சோக்’ என்பர். 40 யார் தூரத்திலே 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துள், முழு ஒடுக்கம் 100 சன்னங்களுள் ஏறக்குறைய 70 ஐயும், அரை ஒடுக்கம் 60 ஐயும், ஒடுக்கமில்லாக் குழல் 40 ஐயும் செலுத்தும். ஒரே துவக்கைப் பல தேவைகளுக்கு வைத்திருப்பவர் அரை ஒடுக்கத்தைத் தெரிவு செய்தல் நன்று. புதிய துவக்குகள் பலவற்றிலே திருகி மாற்றத்தக்க ஒடுக்கங்கள் உண்டு.

பிடங்கு: முழங்கையை மடித்து, பிடங்கின் அடியை அதன் மடிப்பில் வைத்து, சுட்டுவிரல் விசைக்கு எட்டுகிறதா எனப் பாருங்கள். எட்டாவிடிற் பிடங்கு நீளமானது. தோளிற் சரியாக அமையாது. நீளமான பிடங்கை நல்ல தச்சர் குறுக்கித் தருவர்.

காப்பு: றெமிங்டன் 870 இலே காப்புப் பொத்தான் விசையின் பின்னே குறுக்காக உள்ளது. மொஸ்பேர்க் 500 இலே மேற்புறத்திற் பெருவிரலுக்கு எட்டுமாறு அமைந்துள்ளது. இடக்கைப் பழக்கமுடையோருக்கு இது வசதி. எவ்விடத்தில் இருப்பினும், இருளிற் பார்க்காமலே கை அதனைக் கண்டறியப் பழகுதல் வேண்டும். ஆயினும் காப்பு ஓர் இயந்திரமே. அது தவறலாம், விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பதே உண்மையான காப்பு.

5. தோட்டா

சன்னத்தின் இலக்கம் கூடினால் சன்னம் சிறுக்கும். பிரித்தானிய அளவுப்படி ஓர் அவுன்சு (28 கிராம்) சன்னத்திலே 6 ஆம் இலக்கம் 270, 4 ஆம் இலக்கம் 170, பீ.பீ. 70, எஸ்.ஜீ. 8 ஆகும்.

பன்றிக்கு எஸ்.ஜீ. ஏற்றது. சிறு சன்னத்தாற் பன்றியைச் சுடுதல் அதனைப் புண்படுத்தி ஓடவிடுவதேயாகும். எஸ்.ஜீ. சன்னங்களோ எண்ணிக்கையிற் சில. தூரம் மிகமிக அவற்றிடையே வெளி மிகும். ஆதலால் 30 மீற்றருக்கு அப்பாற் சுடாதிருங்கள். புண்பட்ட ஆண்பன்றி பற்றையுள் ஒளிந்து, தேடி வருபவரைக் கொம்பினாற் கிழிக்கும்.

சன்னம் குறியோடு நிற்பதன்று. சிறு சன்னமும் ஏறக்குறைய 200 மீற்றர் செல்லும், எஸ்.ஜீ. 500 மீற்றருக்கு மேலும் செல்லவல்லது. 

வாங்கியபின், அனுமதிக்கப்பட்ட தகுந்த வெளியிலே, மண்மேட்டை முன்வைத்துப் பெரிய கடதாசியிற் சுட்டுப் பாருங்கள். 40 யாரிலே 4 ஆம் இலக்கத் தோட்டா ஒன்றைச் சுட்டு, சன்னம் மிகச் செறிந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுங்கள். ஓர் அவுன்சுத் தோட்டாவாயின், அரை ஒடுக்கத்துக்கு 100 அளவில் இருத்தல் வேண்டும். எஸ்.ஜீ. தோட்டாவை 20, 25, 30 மீற்றர்களில் சுட்டுப் பார்த்தால் உங்கள் துவக்கின் எல்லை எது என்பது ஐயமின்றி விளங்கும்.

20 போர்த் தோட்டாவை 12 போர்த் தோட்டாவுடன் ஒரே பையில் ஒருபோதும் வைக்கலாகாது. அது 12 போர்க் குழலுள் வழுக்கிச் சென்று இடையே தங்கும். அதன்பின் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டாற் குழல் வெடிக்கும்.

6. பழைய துவக்கை வாங்குவோருக்கு

குழலினூடே வெளிச்சத்தை நோக்குங்கள். நெளிவு, வீக்கம், துருக்குழி என்பன இருப்பின் விட்டுவிடுங்கள். முன்பிடி தடையின்றி ஓடுகிறதா, பிடங்கின் கழுத்திலே வெடிப்பு உண்டா எனவும் பாருங்கள்.

பழைய றிப்பீற்றர்களில் ஒரு விசேடம் உண்டு. வின்செஸ்ரர் 1897, வின்செஸ்ரர் 12, முற்கால இத்தாக்கா 37 ஆகியவற்றிலே விசையை அமர்த்தியபடியே முன்பிடியைத் தள்ளினால், பூட்டு விழுந்தவுடன் துவக்கு வெடிக்கும். முதன்முதலாகத் துவக்குப் பிடிப்பவருக்கு இவை உகந்தவையல்ல.

7. வயலிற் கையாளும் முறை

(அ) வரம்பால் நடக்கும்போது வெடியறை வெறுமையாக இருக்கட்டும். தோட்டாக்கள் கூட்டில் மாத்திரம் நிற்கலாம். குறியை ஐயமின்றிக் கண்டபின்னரே முன்பிடியை இழுத்துத் தள்ளுங்கள்.

(ஆ) வேலி கடக்கும்போதும், பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துவக்கை முற்றாக வெறுமையாக்குங்கள்.

(இ) குழல்வாய் சேற்றில் முட்டினால், துவக்கை வெறுமையாக்கி உள்ளே பார்த்துத் துடைக்கும்வரை சுடாதீர்கள். சிறிதளவு சேற்றடைப்பும் குழலைப் பிளக்கும்.

(ஈ) வெடியோசை மெலிந்து கேட்பின் உடனே நிறுத்துங்கள். தோட்டாவின் அடைப்பு குழலுட் சிக்கியிருக்கலாம். கை பழகியவாறு அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுதல் றிப்பீற்றரில் மிக எளிது, ஆபத்தும் அதுவே.

(உ) விசையை இழுத்தும் வெடிக்கவில்லையாயின், குழலை ஆபத்தில்லாத் திசையிலேயே 30 செக்கன் வரை பிடித்திருந்து பின் திறவுங்கள்.

(ஊ) இரவிலே விளக்கொளியில் மின்னும் கண்களை மாத்திரம் கண்டு சுடலாகாது. அது அயலவரின் பசுவாகவோ நாயாகவோ இருக்கலாம். அசைவையோ ஓசையையோ குறியாகக் கொள்வது அதனினும் கொடிது. விலங்கின் முழு உடலும், அதற்குப் பின்னே உள்ளதும் தெரியவேண்டும். காவற்கொட்டில்கள் எத்திசையில் உள்ளன, அன்றிரவு எவரெவர் காவலில் உள்ளனர் என்பதைப் பொழுது சாயுமுன்னரே அயலவரிடம் கேட்டறியுங்கள்.

(எ) மது அருந்தியவர் துவக்கைத் தொடலாகாது. அவரிடம் கொடுத்தலும் ஆகாது.

8. பேணல்

மாரியில் நனைந்த துவக்கை அன்றே வெறுமையாக்கி, உலர்ந்த துணியாற் குழலின் உள்ளும் புறமும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுங்கள். எண்ணெய் மிகுந்தால் தூசியும் சேறும் ஒட்டிப் பூட்டுச் சிக்கும். தோட்டாக்களை ஈரம்படாத, மூடிய பேணியில் வையுங்கள். வீங்கிய தோட்டாவை இடாதீர்கள்.

வீட்டிலே துவக்கைக் கூரை வளையிற் செருகியோ கட்டிலின் கீழோ வைக்கலாகாது. பூட்டிய பெட்டியில் வெறுமையாக வைத்து, தோட்டாக்களை வேறிடத்திற் பூட்டி, இரு திறப்புகளையும் உங்களிடமே வைத்திருங்கள். பிள்ளைகள் நீங்கள் மறைத்த இடத்தை அறியார் என்று எண்ணவேண்டாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

• வேலியும் கூட்டுக் காவலும் முதல்; துவக்கு இறுதி.
• அனுமதிப்பத்திரம் பெற்றபின்னரே விலை பேசுதல்.
• பல தேவைகளுக்கு 12 போர், 26 முதல் 28 அங்குலக் குழல், அரை ஒடுக்கம்.
• வெடியறைக்கு ஏற்ற நீளமுள்ள தோட்டா.
• பன்றிக்கு எஸ்.ஜீ.; 30 மீற்றருக்குள் மாத்திரம்.
• வெடியறையையும் கூட்டையும் பார்த்தபின்னரே வெறுமை எனக் கொள்ளுதல்.
• குறியையும் குறிக்குப் பின்னுள்ளதையும் காணாமற் சுடாமை.

ஒரு போகத்து விளைச்சல் அழிந்தால் அடுத்த போகத்தில் அதனை ஈடுசெய்யலாம். குழலை விட்டகன்ற சன்னத்தைத் திருப்பி அழைக்க எவராலும் ஆகாது. ஐயம் தோன்றுமிடத்துச் சுடாது விடுங்கள். பன்றி மறுநாளும் வரும்.